நரம்பு மாறிக்கிடந்த நாட்கள்

முழங்கால் வலிக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "தையல் டீச்சரைப் போய்ப் பாருங்க, அவுக ஆஸ்பத்திரியில கிடந்து எந்திரிச்சவுக" என்று எங்கள் தெருவில் கைகாட்டிவிடுகிறார்கள். வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து, முதலிலிருந்து கடைசிவரை சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. என் வீட்டுக்காரர், "டீச்சரம்மா, இதைப் பேசாம எழுதி வச்சிரு. வர்றவுக வாசிச்சுட்டுப் போகட்டும். காப்பித்தூளாவது மிஞ்சும்" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் சொல்லித்தருகிறேன். வீட்டுக்காரர் பெயர் மாசிலாமணி. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் மெஷின்மேன். காலையில் பஸ் ஏறிப் போனால் சட்டையில் மை வாடையோடு இருட்டிய பின்தான் வருவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய அக்கா பாக்கியம் மதினி எங்கள் இருவரையுமே குழந்தைகளாக வைத்து மேய்த்துவந்ததால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. மதினி திருத்தங்கலில் தனியாக இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். காலண்டர்களின் மேல் விளிம்பில் தகரப் பட்டை வைத்து அடிக்கும் வேலை. வருஷக்கணக்காகத் தகரத்தை அழுத்தி அழுத்தி அவருடைய கை இடுக்கியாகிவிட்டது. என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார் என்றால் இரண்டு நாளைக்கு மண்டை வலிக்கும். பிரியம் அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வாக்கில் என்று நினைக்கிறேன், முதலில் என் விரல் முட்டுகளில்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஊசியில் நூல் கோர்க்க வராது. வெயில் ஏற ஏறச் சரியாகிவிடும். தையல் டீச்சருக்கு விரல் வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு வலது முழங்கால் வீங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்தது மிதித்துத் தைக்கும் மெஷின். மிதியில் காலை வைத்தால் உயிர் போனது. பிள்ளைகளை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் துணியை மட்டும் தள்ளினேன். கடைசியில் வகுப்பறைப் படி ஏற முடியாமல் பாதியில் நின்றுகொண்டிருந்த அன்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்து, "நாளைக்கு ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம் அப்புறம்" என்றார்.

ஊர் எல்லையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் பெஞ்சு போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்து கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு விஸ்வநத்தம் பக்கத்திலிருந்து பட்டாசு வேலையில் தீக்காயம் பட்ட பெண்களை வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். வாழையிலையில் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். நான் என் முழங்காலைச் சேலையால் மூடிக்கொண்டேன். அதைப் பார்த்தபின் வலிக்கிறது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

பெரிய டாக்டர் பார்த்தார். ஊசி குத்தி முழங்காலிலிருந்து நீர் எடுத்தார். மஞ்சளாகக் கலங்கி வந்தது. இரத்தத்தை எடுத்து உயரமான ஒல்லிக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு அடியில் இறங்குகிறது என்று பார்த்தார்கள். அதற்கு ஈ.எஸ்.ஆர். என்று பெயர். வேகமாக இறங்கினால் உடம்புக்குள் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு மளமளவென்று இறங்கியது. முட்டுவாதத்தில் ஒரு வகை, தேய்மானத்தால் வருவதல்ல, மூட்டுக்குள் இருக்கும் சவ்வு தானாகவே வெந்து வீங்குகிற வகை என்று சொல்லிப் படுக்கையில் போட்டுவிட்டார்.

ஆஸ்பிரின் மாத்திரைகளைக் கைநிறையக் கொடுத்தார்கள். காதுக்குள் எந்நேரமும் வண்டு இரைந்தது. நர்ஸ் கூப்பிடுவது கேட்காது, கூப்பிடாதபோது "என்ன சிஸ்டர்?" என்பேன். பிறகு வாரத்துக்கு ஒன்றாகத் தங்க ஊசி. உண்மையான தங்கம்தான், மருந்தாகக் கரைத்து இடுப்பில் போடுவார்கள். இதைக் கேட்ட என் வீட்டுக்காரர், "கல்யாணத்துக்கு உங்க அப்பா போடாத தங்கத்தை ஆஸ்பத்திரிக்காரக போடுறாக. வாங்கிக்கோ, வாங்கிக்கோ" என்றார். பக்கத்துக் கட்டில்காரிகளெல்லாம் சிரித்தார்கள். அந்தத் தங்கத்துக்குப் பணம் கட்டுவதும் அவர்தான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. விரல்கள் லேசாயின. பரிசோதனைக்கு வைக்கும் அந்த ஒல்லிக் குழாயிலும் சிவப்பு நிதானமாக இறங்க ஆரம்பித்தது. பெரிய டாக்டருக்குச் சந்தோஷம். "இனி முழங்காலை மடக்கிப் பழகணும். நீட்டியே வச்சிருந்தா உள்ளே இறுகிக் கட்டையாயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் மடங்காது" என்று சொல்லி, மடக்கிப் பார்க்கக் கையை வைத்தார். நான் போட்ட அலறலில் அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

அதுதான் எனக்கே புரியாத விஷயம். வீக்கம் போய்விட்டது, வலி போகவில்லை. போகாதது மட்டுமல்ல, குணம் மாறிவிட்டது. முன்பு மிதித்தால் வலித்தது, மடக்கினால் வலித்தது. இப்போது போர்வை மேலே பட்டால் வலித்தது. மின்விசிறிக் காற்று வலித்தது. முழங்காலைச் சுற்றி, வீக்கமே வராத நல்ல தோல்கூட எரிந்தது. நர்ஸ் போர்வையை விலக்கிவிட்டால் குளிர். போர்த்தினால் கண்ணீர்.

காயம்பட்டவர்கள் மேல் துணி படாமல் இருக்க அந்த ஆஸ்பத்திரியில் இரும்புக் கம்பிக் கூண்டுகள் இருந்தன. காலுக்கு மேலே வளைவாக வைத்து அதன்மேல் போர்த்துவார்கள். ஆனால் இருந்தவை எல்லாம் தீக்காயப் பகுதியில் இருந்தன, அங்கிருந்து ஒன்றை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மாலை என் வீட்டுக்காரர் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தார். மதினி வீட்டுப் பஞ்சாரம். சுத்தமாகக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒரு பக்கம் பிரம்பை அறுத்துக் கால் நுழைய வாசல் வைத்திருந்தார்.

"ஏங்க, கோழியெல்லாம் எங்க போச்சு?" என்றேன்.

"அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில. பஸ்ல கண்டக்டரும் இதத்தான் கேட்டான். கோழி எங்கன்னு. ஆஸ்பத்திரியில படுத்திருக்குன்னேன்."

அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு போர்த்திக்கொண்டு தூங்கினேன். காலையில் பெரிய டாக்டர் சுற்றி வரும்போது பஞ்சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார். ஆனால் வாசலில் நின்று நர்ஸிடம் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது. மூட்டு ஆறிவிட்டது, இந்த அம்மாவுக்கு மனசில்தான் கோளாறு, ஹிஸ்டீரியாவாக இருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை போலிருக்கிறது.

வலிக்கு அழாதவள் அன்றைக்கு அழுதேன். வலிக்கிறது என்று நான் சொல்வது பொய் என்றால், மடக்காமல் படுத்திருப்பதும் பாசாங்குதான். கால் கட்டையாகிப்போனால் அதுவும் நானாக வரவழைத்துக்கொண்டது என்பார்கள். மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உடனே, "அவரு கெடக்காரு" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ என் காலைப் பார்த்துவிட்டு, "வீக்கம் இல்லைதான, பிள்ள?" என்றார். அந்த ஒரு கேள்வி முழங்காலைவிட வலித்தது.

அங்கே இளவயது லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். மெட்ராஸ்காரர். டாக்டரம்மா என்போம். தீக்காயப் பகுதியும் விரல் கை போனவர்களும் அவர் பொறுப்பு. பஞ்சாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். சிரித்து முடித்தவர், "போர்வை பட்டா வலிக்குதா? எங்கிருந்து எதுவரைக்கும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒரு தட்டோடு வந்தார். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தொட்டதும் என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். இடது முழங்காலில் தொட்டார். "பஞ்சு" என்றேன். மறுபடி தொட்டார். "குண்டூசி." சரி என்றார். இதெல்லாம் எனக்குக் கைவந்த பொருட்கள். பிறகு வலது முழங்காலில் தொட்டார். "ஊசி!" என்று கத்தினேன். இன்னும் கொஞ்சம் மேலே தொட்டார். "நெருப்புக்குச்சி. அணைச்ச சூடு." கண்ணைத் திறக்கச் சொன்னார். அவர் விரலுக்கிடையில் இருந்தது பஞ்சு. இரண்டு தடவையும் பஞ்சுதான்.

பஞ்சுக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாத தையல் டீச்சர் ஆகிவிட்டேனே என்று அந்தப் பஞ்சையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவரோ என் தோளைத் தட்டி, "நீங்க பொய் சொல்லலைங்க. நாளைக்கு உட்கார்ந்து விவரமாச் சொல்றேன்" என்றார். அவர் சொன்ன முதல் வாக்கியம் மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது. போகிற வழியில் வராந்தாவில், வேலைக்குப் போகுமுன் என்னைப் பார்க்க வந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

அந்த இரண்டு வார்த்தையில்தான் வினை. டாக்டரம்மா சொன்னது, "உங்க மனைவிக்கு நரம்பு மாறியிருக்கு." மெட்ராஸில் அதற்கு என்ன அர்த்தமோ, எங்கள் பக்கத்தில் நரம்பு என்றால் இரத்தம் ஓடுவதும் நரம்பு, சதையை இழுத்துக் கட்டுவதும் நரம்பு, மூளைக்குச் சேதி சொல்வதும் நரம்பு. மூன்றுக்கும் ஒரே பேர். நரம்பு மாறிக்கிடக்கிறது என்றால் தடம்விட்டுப் பிசகிப் பக்கத்தில் ஏறிக்கிடக்கிறது என்று அர்த்தம். சுளுக்குப் பிடித்தவர்களுக்குச் சொல்வது. அதற்கு மருந்தும் எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் போட்டு, ஏறிக்கிடப்பதைக் கட்டைவிரலால் பிடித்து, ஒரே இழுப்பில் தடத்தில் விடவேண்டும்.

வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். "அம்புட்டுத்தான், பிள்ள! நரம்பு மாறிக்கிடக்காம். டாக்டரம்மாவே சொல்லிட்டாக. இதுக்குப் போயா இம்புட்டு நாளு?" என்றார். நேற்று என்னைச் சந்தேகித்த பாவத்தைக் கழுவிவிடும் அவசரம் அவருக்கு. நேராகத் திருத்தங்கல் போயிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே பார்வையாளர் நேரத்தில் மதினி விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றார்.

"ஏ பிள்ள, இதை முதல்லயே எங்கிட்டச் சொல்லக்கூடாதா? கம்பெனியில எத்தனை பேருக்குச் சுளுக்கு எடுத்திருக்கேன்" என்று பஞ்சாரத்தைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"மதினி, தொட்டாலே வலிக்கும் மதினி."

"ஏறிக்கிடந்தா வலிக்காம? செத்த நேரம் பல்லைக் கடிச்சுக்கோ. கண்ணை மூடி ஏசப்பான்னு சொல்லு. ஒரே எடுப்புத்தான்."

வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் ஆசை. ஒரே எடுப்பில் தீர்ந்துபோகிற நோவாக அது இருக்கக்கூடாதா என்ற ஆசை. கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணெய் விழுந்ததே கொதிக்கும் எண்ணெயாக விழுந்தது. அப்புறம் அந்த இடுக்கிக் கை முழங்காலின் உட்பக்கத்தைப் பிடித்து இழுத்தது. ஏசப்பா என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. முடித்தது நினைவில்லை.

கண் திறந்தபோது நர்ஸ் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மதினி சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ராத்திரிக்குள் முழங்கால் மறுபடி பூரித்து வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "யார் செஞ்சது? யார் செய்யச் சொன்னது?" என்று வார்டே அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்கதான டாக்டரம்மா சொன்னீக, நரம்பு மாறிக்கிடக்குன்னு" என்றார்.

"மாறியிருக்குன்னு சொன்னேன்!"

"அதத்தான நானும் சொல்றேன்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தார், மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாறியிருக்கு வேற, மாறிக்கிடக்கு வேறயா?" என்று என்னைக் கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "தப்பு என் மேலயும் இருக்கு. நான் இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னு சொல்லியிருக்கணும்" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

காய்ச்சல் இறங்கியபின் ஒருநாள் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு விவரமாகச் சொன்னார். முதலில் பட்டாசை வைத்து உவமை சொல்ல ஆரம்பித்தார். சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் புரியும் என்று நினைத்திருப்பார். அடுத்த அறையில் தீக்காயத்தோடு படுத்திருப்பவர்களுக்குக் கேட்கும் என்று நான் கண்ணைக் காட்டினேன். புரிந்துகொண்டு நேராகவே சொன்னார்.

மூட்டைச் சுற்றி உறை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அதற்குள் முடியைவிட மெல்லிய நரம்பு நுனிகள் வந்து முடிகின்றன. இவை இரத்த நரம்பும் அல்ல, சதையை இழுக்கும் நரம்பும் அல்ல. உணர்வு நரம்புகள். சேதி கொண்டுபோவது மட்டும்தான் வேலை. சில நரம்புகள் தொட்டதைச் சொல்லும், கால் மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று சொல்லும். சில நரம்புகள் ஆபத்து வந்தால் மட்டும் சொல்லும். நல்ல முழங்காலில் இந்த இரண்டாம் வகை பெரும்பாலும் பேசாது. நாம் சம்மணம் போட்டாலும் படி ஏறினாலும் அவற்றுக்கு அக்கறை இல்லை. ஆனால் மூட்டு மாதக்கணக்கில் வெந்து வீங்கிக் கிடந்தால், அதில் ஊறும் நீரிலேயே இந்த நுனிகளும் ஊறுகின்றன. அவற்றின் குணம் மாறிவிடுகிறது. மடக்கினால் ஆபத்து என்கின்றன. பிறகு நின்றாலே ஆபத்து என்கின்றன. அந்தச் சேதி ஓயாமல் போய்ப்போய், முதுகுத்தண்டில் அதை வாங்கிக்கொள்ளும் இடமும் பழக்கப்பட்டுப்போகிறது. அப்புறம் தொடுகிற சேதி வந்தாலும் வலி என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பஞ்சு எனக்கு ஊசியானது, நல்ல தோலும் எரிந்தது. வீக்கம் வடிந்த அன்றே இதுவும் திரும்பிவிடாது.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

எனக்கு என் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. வகுப்பில் நான் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத ஒரு தலைவி இருப்பாள். முதலில் கத்துகிறவர்களை மட்டும் எழுதுவாள். வகுப்பு ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தால் அவளுக்கு எரிச்சல் ஏறி, இருமினவள், தும்மினவள், ஜன்னலைப் பார்த்தவள் என்று எல்லாரையும் எழுத ஆரம்பித்துவிடுவாள். வகுப்பு அடங்கிய பிறகும் அவள் சாக்பீஸைக் கீழே வைக்கமாட்டாள். இதைச் சொன்னதும் டாக்டரம்மா, "அவளை நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அடிக்கமாட்டேன். பக்கத்துல உட்காரவச்சு, இருமுறது பேச்சு இல்லைம்மான்னு திரும்பத் திரும்பச் சொல்லுவேன்."

"அதேதான்" என்றார்.

விரல் போன பெண்களுக்கு அவர் அப்படித்தான் செய்வாராம். அறுந்த நுனியில் காற்றுப் பட்டாலே துடிப்பார்கள். முதலில் பஞ்சு, பிறகு மெல்லிய துணி, பிறகு முரட்டுத் துணி என்று நாளுக்குப் பலமுறை தொட்டுத்தொட்டு, தொடுவது வலி அல்ல, வெறும் தொடுவதுதான் என்று பழக்குவார். என் முழங்காலுக்கும் அதையே செய்ய நினைத்தார். தொடமுடிந்தால்தான் மடக்கமுடியும். மடக்க இன்னும் நாள் கடத்தினால் கால் கட்டைதான். ஆனால் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய ஆள் வேண்டும். நர்ஸ்களுக்குத் தீக்காயக்காரர்களைப் பார்க்கவே நேரம் போதாது. என் வீட்டுக்காரருக்கு அச்சு வேலை குவியும் சீசன்.

"மதினி வருவாக" என்றேன்.

டாக்டரம்மாவின் கண் பெரிதாயிற்று. "அந்தக் கையா?"

"அந்தக் கைதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், மதினி அன்றைக்குப் போனவர் போனவர்தான். பஸ்ஸில் தம்பி கையில் கருப்பட்டியும் பனங்கிழங்கும் வந்தன, அவர் வரவில்லை. வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தொட்ட குற்றத்துக்காக ஒருவர் என்னைப் பார்க்கவே வராமல் இருப்பதை என்னால் பொறுக்கமுடியவில்லை. எனக்கு அவர் வேண்டும்.

வீட்டுக்காரர் போய்க் கூப்பிட, மதினி கம்பெனியில் இனி காலை வேலை மட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கட்டிலிலிருந்து தள்ளி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கை முந்தானைக்குள் இருந்தது.

"பக்கத்துல வாங்க மதினி."

"இங்கன இருக்கேன். கேக்குது."

"பஞ்சை யாரு தொடுவா?"

அவர் பஞ்சை எடுத்து முழங்காலுக்கு மேலே அந்தரத்தில் பிடித்துக்கொண்டார். அது ஆடிக்கொண்டே இருந்தது. தகரத்தை ஒரே அழுத்தில் மடக்கும் கைக்கு ஒரு துளிப் பஞ்சை இறக்கத் தைரியம் வரவில்லை. நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன். எரிந்தது. பல்லைக் கடித்து, "இது பஞ்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மதினியும் கூடவே, "இது பஞ்சு, இது பஞ்சு" என்று சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பாள்.

அப்படியே நாட்கள் ஓடின. பஞ்சு போய் மதினியின் பழைய, மெல்லிய வாயில் சேலைக் கிழிசல் வந்தது, அப்புறம் வீட்டுக்காரரின் வேட்டிக் கிழிசல், அப்புறம் குளிக்கிற முரட்டுத் துண்டு. சில நாள் நன்றாக இருக்கும். சில நாள் காரணமே இல்லாமல் முதல் நாளைவிட மோசமாக எரியும். அந்த நாட்களில் மதினி என்னைவிட முதலில் அழுதுவிடுவார். "இதென்ன வைத்தியம், ஈ ஓட்டுற மாதிரி" என்று டாக்டரம்மா காதுபடவே முனகுவார், ஆனால் ஒருவேளைகூடத் தவறவிடமாட்டார். துணிக்கு வந்தாரே தவிர வெறுங்கைக்கு வரவில்லை. "கையால தொடுங்க" என்று டாக்டரம்மா சொன்னால், "தம்பி வந்து தொடட்டும்" என்பார். வீட்டுக்காரர் தொட்டார், எனக்குக் கொஞ்சம் பொறுக்கவும் முடிந்தது. ஆனால் மடக்கச் சொல்லும்போது கால் தானாக விறைத்துக்கொண்டது. பெரிய டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். கட்டைக்காலோடு பள்ளிக்கூடப் படி ஏறுவதைப் பற்றி நானும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த சமயம். ஒருநாள் மத்தியானம் மதினி மூச்சு வாங்க வந்தார். வந்ததும் வராததுமாக, "கேட்டியா கதைய? எங்க கம்பெனியில புதுசா வந்த பிள்ளைக படத்தைத் தலைகீழா வச்சுத் தகரம் அடிச்சிட்டாளுக! ஒரு லோடு பூராவும்!" என்றார்.

"ஐயையோ. பாக்கலையா யாரும்?"

"யாரு பாத்தா? கட்டி, ஏத்தி, லாரியும் போயிருச்சு. மதுரைக் கடைக்காரரு பிரிச்சுச் செவுத்துல மாட்டிருக்காரு. லட்சுமி தலைகீழா நிக்கா. காசெல்லாம் கையிலருந்து மேல கொட்டுது! முதலாளியப் போன்ல பிடிச்சுக் காச்சு காச்சுன்னு காச்சுறாரு. அந்தக் கடைக்காரரு சொல்றாராம், ஏன்யா, இந்த வருசம் வர்ற காசையும் மேல அனுப்பிருவீகளோன்னு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மதினியும் சிரித்தார். அவர் சிரித்தால் உடம்பெல்லாம் சிரிக்கும். சிரிக்கிற வேகத்தில், பேச்சில் ஊன்றிப்போகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர்களைத் தட்டுவார்களே, அதுபோல என் வலது முழங்காலில் படீரென்று ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

இரண்டு பேர் சிரிப்பும் ஒரே சமயத்தில் நின்றது. மதினி கையை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். உதடு வெளுத்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் வலிக்காகக் காத்திருந்தேன்.

"வலிச்சிருச்சா, பிள்ள? ஐயோ, பாவி, வலிச்சிருச்சா?"

"இல்ல மதினி."

"பொய் சொல்லாத."

"இல்ல மதினி. தட்டின மாதிரிதான் இருந்துச்சு."

அவர் நம்பவில்லை. என் கண்ணில் நீர் வழிந்ததால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாமல் என் முகத்தைப் பார்த்தவர் பிறகு காலைப் பார்த்தார். "ஏட்டி" என்றார். நானும் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் முழங்கால் தன் போக்கில் மடங்கி எழுந்து நின்றிருந்தது. முழுசாக இல்லை. அடியில் ஒரு தலையணை நுழையும் அளவு. அத்தனை நாள் எத்தனை பேர் கெஞ்சியும் மடங்காதது.

"இன்னொரு தடவை தட்டுங்க மதினி."

"போடி. எனக்குப் பயமா இருக்கு."

அவர் கையை வெளியே எடுக்கவே இல்லை. நானாக எட்டி, அக்குளுக்குள்ளிருந்து அந்தக் கையைப் பிடுங்கினேன். தகர வெட்டுகளோடு, காய்ப்புக் காய்த்து, கனமாக இருந்தது. அதை என் முழங்கால்மேல் வைத்து, எடுத்துவிடாதபடி என் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.